இரண்டாவது டேப்

எத்தனை ஜெராக்ஸ் காப்பிம்மா? ரெண்டா? சரி, உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இந்தச் சேர்ல உக்காருங்க. மெஷின் சூடாக ரெண்டு நிமிஷம் ஆவும்.

தப்பா நினைச்சிராதிய. மனுவை மெஷின் கண்ணாடில வைக்கும்போது கண்ணு எழுத்து மேல பட்டுட்டு. படிக்கணும்னு படிக்கல. 'என் தாய்மாமா சங்கரவடிவேல், 1961ஆம் ஆண்டு தங்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு...' உங்க அம்மாவுக்கு அண்ணனா? அம்மா இருக்காவளா? எம்பத்தொண்ணா! அண்ணன் எங்கன அடங்கியிருக்காவன்னு தெரியணும், அந்த இடத்துல இருந்து ஒரு பிடி மண்ணு வேணும். அதானே.

காப்பி எடுத்துத் தாரேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோங்க. இந்த மனுவை உள்ள குடுத்தா வாங்கிக்கிடுவாவ. சீலும் குத்தித் தருவாவ. ரெண்டு மாசம் கழிச்சு 'பதிவுகள் இல்லை'ன்னு ஒரு கடுதாசி வரும். வந்த எல்லாருக்கும் அப்படித்தான் வந்திருக்கு. முன்னெல்லாம் இந்தத் தொழுநோய் ஆஸ்பத்திரியத் தேடி ஒரு சொந்தக்காரனும் வரமாட்டான். இப்ப ஒரு பத்து வருஷமாத்தான் வாராவ. இந்த மாசத்துல நீங்க மூணாவது ஆளு.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கியளா? நான் அங்க வேலை பாத்தவன். கம்ப்யூட்டர் ஆபரேட்டர். இப்பதான் இந்த ஜெராக்ஸ் கடை. ஏசுவடியான்னு உள்ள கேட்டுப் பாருங்க. என்ன சொல்லுவாவளோ, எனக்குத் தெரியாது. அதனாலதான் நானே சொல்லுதேன்.

கல்லறைத் தோட்டத்துல ஆயிரத்து நூத்து அறுபத்து நாலு கல்லு இருக்கும்மா. ஒரு ஆறு கல்லத் தவிர எதுலயும் பேரு கிடையாது, நம்பர்தான். ஏன்னா அந்தக் காலத்துல இந்தச் சீக்கு வந்து உள்ள வாரவனுக்கு வாசல்லயே வேற பேரு வச்சிருவாவ. ஊருக்குத் தெரிஞ்சா தங்கச்சிக்குக் கல்யாணம் ஆவாது, அண்ணன் பிள்ளைக்குப் பொண்ணு குடுக்கமாட்டான். உங்க மாமா சங்கரவடிவேலா உள்ள இருந்திருக்க மாட்டாவ. தாமஸா இருந்திருப்பாவ, ராமையாவா இருந்திருப்பாவ. சொந்தப் பேரு, ஊரு, தகப்பன் பேரு, கல்லு நம்பர், எல்லாம் தனியா எட்டு ரிஜிஸ்டர்ல இருந்துது. டாக்டரம்மா ரூம்ல, இரும்பு பீரோவுல. சாவி அவிய கழுத்துச் செயின்ல.

டாக்டர் ஜெயசீலின்னு பேரு. நல்ல மனுஷி. என்னை ஒண்ணும் சொன்னதில்ல. அதை இப்பவே சொல்லிருதேன்.

ஒரு நாளு ரிஜிஸ்டர்ல ஒரு தாளைக் காணல. யாரு கிழிச்சான்னு கடைசி வரைக்கும் தெரியல. பத்து நாள் கழிச்சு விளாத்திகுளம் பக்கத்துல இருந்து ஒரு ஆளு வந்தாரு. அந்தத் தாளை டாக்டரம்மா மேசையில வச்சாரு. அவரு தம்பி பேரு அதுல இருக்கு. அந்தத் தாளைத்தான் அவரு மக முகூர்த்தத்தன்னைக்குக் காலையில மாப்பிள்ளை வீட்டுக்காரன் கையில யாரோ குடுத்திருக்கான். கல்யாணம் நின்னு போச்சு. அந்த மனுஷன் ஏசல, அழல. தாளை வச்சாரு, மேல ஒரு பேப்பர் வெயிட்ட எடுத்து வச்சாரு, பறந்திராம. போயிட்டாரு.

அன்னைக்கே டாக்டரம்மா முடிவு பண்ணிட்டாவ, இனிமே காகிதத்துல வேண்டாம்னு. 'ஏசுவடியான், கம்ப்யூட்டர்ல ஏத்திருவோம். கடவுச்சொல் என்கிட்ட மட்டும் இருக்கட்டும். பிரிண்ட் எடுக்கக் கூடாது'ன்னாவ.

அப்ப எங்ககிட்ட இருந்தது யூனிக்ஸ் சர்வர். ஒரே பெட்டி, இந்த மேசை உயரம் இருக்கும். மருந்து குடுக்கிற இடம், லேபு, ஆபீஸ் எல்லா ஸ்க்ரீனுக்கும் அந்தப் பெட்டியில இருந்துதான் வயர் போவும். ஏசி ரூம்ல வச்சிருந்தோம். செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வரணும். டாக்டர்மாரும் கழட்டுவாவ, நான் விடமாட்டேன்.

டைப் அடிக்க மரகதத்தைப் போட்டாவ. மரகதம் எட்டு வயசுல இந்தச் சீக்கோட வந்தவ. சீக்கு எப்பவோ குணமாயிட்டு, கூட்டிட்டுப் போக ஆளு வரல. இங்கனயே படிச்சு இங்கனயே இருந்துட்டா. வலது கையில விரலு எல்லாம் பாதிதான். உள்ளங்கையில ஒரு பென்சிலை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கிடுவா. பென்சில் முனை ஒரு விரலு, இடது கை ஆள்காட்டி ஒரு விரலு. டக்கு... டக்குன்னு. மூணு வருஷம்மா. கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலி வந்துரும். வேற ஆளப் போட்டா ஆறு மாசத்துல முடிச்சிருக்கலாம்னு நான் சொன்னேன். 'இந்தப் பேரையெல்லாம் வெளியாள் பாக்கக் கூடாது ஏசுவடியான்'னு டாக்டரம்மா சொல்லிட்டாவ.

அடிச்சு முடிச்ச ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டு வாசிச்சு சரிபாப்பா. சின்னச் சத்தத்துலதான். 'முந்நூத்துப் பதினேழு, சுடலைமுத்து, தகப்பன் பேச்சிமுத்து, களக்காடு.' கோயில்ல சொல்லுத மாதிரி.

இப்ப என் வேலையச் சொல்லுதேன். பெட்டி என்னைக்காவது செத்துட்டா உள்ள இருக்கது எல்லாம் போயிரும். அதுக்காக வாராவாரம் மொத்தத்தையும் டேப்ல எடுத்து வைக்கணும். பாட்டுக் கேசட் மாதிரிதான், கொஞ்சம் பெருசு. அடியில தகடு இருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி. 'எல்லாரும் வெளிய வாங்க'ன்னு ஒரு சத்தம் குடுப்பேன். எல்லா ஸ்க்ரீனும் அணைஞ்சிரும். ஆஸ்பத்திரி பூரா கையக் கட்டிக்கிட்டு நிக்கும். டேப்பைப் போடுவேன், ஓடும், முக்கால் மணி நேரம். எடுத்து, தேதி எழுதி, டாக்டரம்மா பீரோவுல வச்சிட்டு வந்துதான் டீ குடிப்பேன். ஒரு வெள்ளி விட்டதில்ல. எங்க அப்பா செத்தது ஒரு வெள்ளிக்கிழமை. எடுத்துட்டுத்தான் ஊருக்குப் போனேன். யாரு செய்வா, சொல்லுங்க?

டேப் நாலு. வாரத்துக்கு ஒண்ணு. அஞ்சாவது வாரம் முதல் டேப்பு மேலயே திரும்ப எடுக்கணும். மதுரையில இருந்து இன்ஜினியர் வந்து சொல்லிக் குடுத்து, நோட்டுல வரிசையா எழுதியும் குடுத்திருந்தாரு. 'கேள்வி வந்தால் எண்டர்.' அவரு கைப்பட எழுதுனது. நோட்டு இன்னும் வீட்ல இருக்கு, காட்டுவேன்.

மரகதம் அடிக்க அடிக்க உள்ள சரக்கு கூடிக்கிட்டே வந்துது. லேபுல வேற புதுசா ஏத்துனாவ. ஒரு வெள்ளிக்கிழமை டேப் பாதியில நின்னு ஸ்க்ரீன்ல ஒரு வரி வந்துது. இங்கிலீஷ்ல. நான் பிஏ எக்கனாமிக்ஸ்ம்மா, படிக்கத் தெரியாம இல்ல. ரெண்டாவது டேப்பைப் போட்டுட்டு எண்டர் அடிக்கச் சொல்லுது. எனக்கு யோசனைதான். இருக்கது வாரத்துக்கு ஒரு டேப். இதுல ரெண்டாவதைப் போட்டா அடுத்த வாரத்துக்கு எங்க போவேன்? புது டேப் வேணும்னா கமிட்டிக்கு எழுதிக் குடுக்கணும், அவிய கூடணும், ஆயிரம் கேள்வி. மதுரைக்குப் போன் போட்டேன், எடுக்கல. வெளிய லேபுக்காரன் கதவைத் தட்டுதான், எப்ப முடியும் எப்ப முடியும்னு. நோட்டைப் பாத்தேன். 'கேள்வி வந்தால் எண்டர்.'

அடிச்சேன். அதே டேப்புலயே ஓடிச்சு. கடைசியில முடிஞ்சதுன்னு வந்துது.

தப்புன்னா மெஷின் சொல்லணும்ல? அது ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரமும் கேட்டுது, அடிச்சேன். அதுக்கு அடுத்த வாரமும். பெறவு அந்த வரி வாரது எனக்குப் பழகிப் போச்சு.

மரகதம்தான் ஒரு நாள் கேட்டா. 'அண்ணாச்சி, இந்த டேப்ல நிசமாவே எல்லாம் இருக்கான்னு எப்படித் தெரியும்?'

'நான் எடுக்கேன்ல, அதனாலதான் தெரியும்'னேன்.

'திருப்பி ஒரு தடவை போட்டுப் பாத்திருக்கியளா?'

'நீ உன் டைப்ப அடி தாயி'ன்னேன். கோவமா சொல்லல. சும்மாத்தான் சொன்னேன்.

நோட்டுல கடைசியா ஒண்ணு எழுதியிருந்தாருதான். எடுத்து முடிச்ச டேப்பை மறுபடி ஓட விட்டு, உள்ள என்னென்ன இருக்குன்னு பட்டியல் பாக்கணும்னு. இல்லைங்கல. முதல் வருஷம் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் சரியா இருந்துது. சரியா இருக்கதை எத்தனை தடவை பாப்பான் ஒருத்தன்? இன்னொரு முக்கால் மணி நேரம் ஆஸ்பத்திரிய நிப்பாட்டி வைக்க முடியுமா? நோயாளி வெயில்ல நிக்கான்.

ஆவணி மாசம் எட்டு ரிஜிஸ்டரும் முடிஞ்சுது. புண்ணுல கட்டுன துணியெல்லாம் எரிக்கதுக்குச் சலவைக் கொட்டகைக்குப் பின்னால ஒரு செங்கல் அடுப்பு உண்டு. டாக்டரம்மா, நானு, மரகதம், வாட்ச்மேன் நாலு பேரும் ரிஜிஸ்டரைத் தூக்கிட்டு அங்கன போனோம்.

டாக்டரம்மா கேட்டாவ. 'ஏசுவடியான், டேப்ல இருக்குல்ல?'

'இருக்கு டாக்டர்.'

'நாலுலயும்?'

'நாலுலயும் இருக்கு.'

ரெண்டு தடவை கேட்டாவ. ரெண்டு தடவையும் நான்தான் சொன்னேன். ஏழு ரிஜிஸ்டர் உள்ள போயிட்டு. எட்டாவது மரகதம் கையில. அந்தப் பிள்ளை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கா, குடுக்க மாட்டேங்கா. 'டாக்டர், ஒரு நாள் பொறுங்க. அண்ணாச்சி ஒரே ஒரு பேரை டேப்ல இருந்து எடுத்துக் காட்டட்டும். ஒரு பேரு போதும்'னா.

வாட்ச்மேன் என்னைப் பாக்கான். எனக்கு எப்படி இருக்கும்? இவளுக்கு கம்ப்யூட்டரைத் தொடச் சொல்லிக் குடுத்ததே நான். 'நாலு வருஷமா ஒரு வெள்ளிக்கிழமை தவறல டாக்டர். என் மேல நம்பிக்கை இல்லைன்னா கம்ப்யூட்டர் ரூம் சாவியை வாங்கிக்கோங்க'ன்னேன். டாக்டரம்மா அடுப்பைப் பாத்தாவ. அப்புறம் அவளைப் பாத்து, 'குடுத்துரு மரகதம்'னாவ.

குடுத்தா. அட்டை தோலு, சீக்கிரம் எரியல. வாட்ச்மேன் கம்பை வச்சுக் கிளறி விட்டான்.

தண்ணி குடிக்கியளா? பானையில இருக்கு. வேண்டாமா.

மறு வருஷம் மே மாசம், ஒரு செவ்வாக்கிழமை பதினோரு மணிக்குப் பெட்டிக்குள்ள டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான், எல்லா ஸ்க்ரீனும் நின்னுட்டு. உள்ள இருக்க டிஸ்க் போயிட்டு. எனக்கு பயமே இல்ல, சத்தியமாச் சொல்லுதேன். இதுக்குத்தானே இத்தனை வெள்ளிக்கிழமை! எல்லாரும் பதறுதாவ, நான் மட்டும் சிரிச்ச முகமா நிக்கேன். வியாழக்கிழமை மதுரையில இருந்து புது டிஸ்கோட ஒரு சின்னப் பையன் இன்ஜினியர் வந்தான். டேப்பைக் குடுத்தேன். போட்டான். ஸ்க்ரீனைப் பாத்தான், என்னைப் பாத்தான்.

'முதல் டேப் எங்க சார்?'

'இதான்.'

'இது ரெண்டாவது. முதல்ல உள்ளது வேணும்.'

அடுத்ததைக் குடுத்தேன். அதுவும் ரெண்டாவதுங்கான். நாலையும் போட்டான். நாலும் ரெண்டாவதுதான். மெஷின் ரெண்டாவது டேப் கேக்கும்போது அதே டேப்ப உள்ள வச்சிக்கிட்டே எண்டர் அடிச்சா, எழுதுனதுக்கு மேலேயே எழுதிட்டுப் போயிருமாம். பின்பாதி முன்பாதியத் தின்னுருமாம். வாராவாரம். ரெண்டு வருஷமா நான் உக்காந்து அதைத்தான் பண்ணியிருக்கேன்னு அந்தப் பையன் சொன்னான். மெதுவாத்தான் சொன்னான், மரியாதையாத்தான் சொன்னான்.

பின்பாதி வந்துட்டும்மா. அதை ஒருத்தரும் பேசமாட்டாவ. மருந்துப் பட்டியல் பூரா வந்துட்டு. லேபு வந்துட்டு. சலவைக்குப் போட்ட பெட்ஷீட்டு, தலையணை உறை, ஒண்ணு விடாம வந்துட்டு. திங்கக்கிழமை ஆஸ்பத்திரி எப்பவும் போல ஓடுச்சு. மரகதம் அடிச்ச அந்த ஒரு ஃபைல்தான் முன்பாதியில இருந்துது.

டேப்பைப் பெங்களூருக்கு அனுப்பிப் பாத்தாவ. செத்த டிஸ்க்கையும் அனுப்பினாவ. ஒண்ணும் தேறல.

டாக்டரம்மா என்னை ஏசல. மேசையில ரெண்டு கையையும் விரிச்சு வச்சு, விரலைப் பாத்துக்கிட்டே இருந்தாவ. 'மரகதத்துக்கிட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?'ன்னு கேட்டாவ. நீங்களே சொல்லிருங்க டாக்டர்னேன். அவிய சொன்னா ஏத்துக்கிடுவான்னு நினைச்சேன்.

சொல்லிட்டாவ போல. சாயங்காலம் வந்தா. செருப்பைக் கழட்டிட்டு வாசப்படியிலயே நிக்கா, உள்ள வரல.

'எல்லாமா அண்ணாச்சி?'

'இல்ல மரகதம், எல்லாம் வந்துட்டு. உன் ஃபைல் மட்டும்தான்.'

நான் ஆறுதலாத்தான் சொன்னேன். அவ என்னையே பாத்தா. அப்புறம் ரூமைப் பாத்தா, பென்சில் கிடந்த மேசையைப் பாத்தா. செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் என்கிட்ட பேசல. அஞ்சு வருஷம். எதிர்ல வந்தா ஒதுங்கிப் போவா. நானும்தான் ராத்தூக்கம் இல்லாம கெடந்தேன், அதை யாரு கேட்டா? ஆளுக்கு ஒரு பார்வை பாப்பாவ. லேபுக்காரன் கூட. நானே எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்துட்டேன். யாரும் போகச் சொல்லல.

அவ ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு ஞாபகத்துல இருந்து எழுத உக்காந்திருக்கா. காலையில கல்லறைத் தோட்டத்துல ஒவ்வொரு கல்லுக்கு முன்னாலயும் நிப்பாளாம். வாட்ச்மேன் சொல்லுவான். முந்நூறு நானூறு பேரு வரைக்கும் எழுதிட்டான்னு கேள்விப்பட்டேன். எனக்கே கொஞ்சம் நிம்மதி. பெறவு பாத்தா ஒரே பேரு ரெண்டு கல்லுல வருதாம். களக்காடு ஆளு எதுல, கடம்பூர் ஆளு எதுலன்னு குழம்பிட்டு. ஒண்ணு தப்புன்னா மத்தது எது சரின்னு எப்படி நம்ப? டாக்டரம்மா, 'பரவாயில்ல, இருக்கதை வச்சுப்போம்'னு சொல்லியிருக்காவ. 'ஒருத்தரை இன்னொருத்தர் பேர்ல படுக்க வைக்க முடியாது டாக்டர்'னுட்டாளாம். சந்தேகம் உள்ளதையெல்லாம் அடிச்சு அடிச்சு, கடைசியில உறுதியா நின்னது ஆறே பேருதான். அந்த ஆறு கல்லுலதான் இப்ப பெயிண்டு அடிச்சு எழுதியிருக்கு. சங்கரவடிவேல்னு எதுலயும் இல்லம்மா. வாட்ச்மேன் சொல்லி எனக்கு அந்த ஆறும் மனப்பாடம்.

டாக்டரம்மா அந்த வருஷமே ரிட்டையர்மெண்ட் எழுதிக் குடுத்துட்டு நாகர்கோவிலுக்குப் போயிட்டாவ. இப்ப உயிரோட இல்ல.

மரகதம் அந்த அஞ்சாவது வருஷம் காய்ச்சல்ல செத்தா. நாலு நாள்தான். ஆஸ்பத்திரில இருந்து ஆளு அனுப்பி என்னைக் கூப்பிட்டாவ. மரகதம்ங்கது இங்க வாசல்ல வச்ச பேருதான? சொந்தப் பேரைக் கல்லுல வெட்டணும்னு புது சூப்பரிண்டெண்டு ஆசைப்பட்டிருக்காரு. அவ பேரும் அந்தப் பட்டியல்லதான் இருந்துது, அவளே அடிச்சிருக்கா. வேற ஒருத்தருக்கும் தெரியாது. 'உங்க கூட மூணு வருஷம் ஒரே ரூம்ல இருந்தாளே, என்னைக்காவது சொன்னாளா'ன்னு கேட்டாவ.

மூணு வருஷம் பக்கத்துல இருந்திருக்கேன். நான் கேட்டதே இல்ல. கேக்கணும்னு தோணல. மரகதம்னுதான் அடக்கம் பண்ணினாவ. கல்லுல ஒண்ணும் வெட்டல, நம்பர் மட்டும் போட்டாவ. அது கடைசிக் கல்லு, வேப்பமரத்து ஓரம்.

இந்தாங்க காப்பி. ரெண்டும் தெளிவா விழுந்திருக்கு. காசெல்லாம் வேண்டாம், வையுங்க. மனு குடுக்கதும் குடுக்காததும் உங்க இஷ்டம். உள்ள போறியளா? வாங்க, தோட்டத்து கேட்டு வரைக்கும் வாரேன். மண்ணு எடுக்க கையில ஏதும் வச்சிருக்கியளா? சரி, இந்தக் கவரைப் பிடிங்க.

எந்த இடத்துல எடுக்கன்னு என்னைக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? அறுபத்தி ஒண்ணுல சேந்தவரு, எப்ப செத்தாருன்னு தெரிஞ்சாலாவது வரிசையைச் சொல்லலாம். தெரியாதுங்கிய. எல்லாம் ஒரே செவத்த தேரி மண்ணுதான். ஏதாவது ஒரு கல்லுக்கிட்ட எடுத்து, இதான்னு அம்மாகிட்ட குடுத்துருங்க. போன மாசம் ஒருத்தர் அப்படித்தான் செஞ்சாரு. நான்தான் சொல்லிக் குடுத்தேன். சந்தோஷமாப் போனாரு.

அழாதிய. அழுதா எனக்கு ஒரு மாதிரி ஆயிருது.

நான் இந்த கேட்டோட நின்னுக்கிடுதேன். உள்ள போனதில்ல. மரகதம் அடக்கத்துக்கும் இங்கனதான் நின்னேன்.

என்ன கேக்கிய? மன்னிப்பா? யாருகிட்டம்மா கேக்க? டாக்டரம்மாகிட்ட கேக்கலாம்னு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிப் போனேன், ஒரு தடவை. வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். உள்ள படுத்திருக்கவங்ககிட்ட கேக்கணும்னா... இப்ப நீங்க வந்து மாமா பேரைச் சொன்னியல்லா, சங்கரவடிவேல்னு, அந்த ஒரு பேரு கிடைச்சிருக்கு. அது எந்தக் கல்லு பக்கம் நின்னு சொல்ல?

போங்கம்மா, போயிட்டு வாங்க. பாத்துப் போங்க, முள்ளு கிடக்கும். அஞ்சு மணிக்குப் பூட்டிருவாவ.